நிற்கும் கப்பலுக்குக் கூலி யார் கொடுப்பது?

காலிமுகத்திடலில் மாலைக் காற்று வாங்க நிற்பவர் எவரும், கடலின் விளிம்பிலே ஒன்றன்பின் ஒன்றாய் நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களைக் கண்டிருப்பர். கல்லூரி மேல்வகுப்பு மாணவர் சிலரைக் கொழும்பு காட்ட அழைத்துச் சென்ற நாம், ஒரு மாலை அவ்விடத்தே அமர்ந்திருந்தோம். கடலை கொறித்தவாறு கப்பல்களை எண்ணிக்கொண்டிருந்த மாணவனொருவன், "சேர், முந்தநாள் நாங்கள் வந்தபொழுது நின்ற அதே சிவப்புக் கப்பல் இன்றைக்கும் அங்கேயே நிற்கிறது. இப்படிச் சும்மா நிற்பதற்கு யார் கூலி கொடுப்பது?" என்று வினவினான். கேள்வி, நிரம்பல் என்பவற்றைப் பக்கம் பக்கமாய் எழுதி வைத்திருந்த வகுப்பு அது. ஆயினும் இவ்வினாவுக்கு விடை அவர்களுடைய கொப்பிகளில் இல்லை. உண்மையைச் சொன்னால், அன்று நம்மிடமும் முழு விடை இருக்கவில்லை.

ஊர் திரும்பிய பின் நூல்களைப் புரட்டியும், துறைமுகத்தோடு தொழில் தொடர்புடைய பழைய மாணவரிடம் கேட்டும் அறிந்தவற்றையே ஈண்டு எழுதுகின்றோம். விடையைத் தேடிப் புறப்பட்டால் அது நம்மைக் கொழும்பிலிருந்து ஐரோப்பாவின் வடகோடிக்கு, ஆண்டிற் பாதி நாள் நீர் உறைந்து கிடக்கும் கடல்களுக்கு இட்டுச் செல்கின்றது. வாசகர் சற்றே பொறுமையுடன் உடன்வர வேண்டும்.

மரமும் பனியும்

சுவீடன், பின்லாந்து, டென்மார்க், ஜெர்மனி, போலந்து, ருஷ்யா முதலிய நாடுகளின் நடுவே கிடப்பது பால்டிக் கடல். அதற்கும் வடக்கே, ருஷ்ய நிலத்தினுள் புகுந்து கிடக்கும் நீர்ப்பரப்பு வெண்கடல் எனப்படும். அர்க்காங்கெல்ஸ்க் என்னும் பழந்துறை அதன் கரையிலுள்ளது. இவ்விரு கடல்களைச் சூழ்ந்த நாடுகளிலே கண்ணுக்கெட்டிய தூரம் ஊசியிலைக் காடுகள். இங்கிலாந்திலோ நிலக்கரி உண்டு, மரம் இல்லை. சுரங்கத்தின் கூரை இடிந்து விழாமல் முட்டுக் கொடுக்கும் கட்டைகள், புகையிரதத் தண்டவாளத்தின் கீழே போடும் சிலிப்பர்க் கட்டைகள், வீட்டுக்கு வேண்டிய பலகைகள் ஆகிய யாவும் வடக்கிலிருந்தே வரவேண்டியிருந்தது. ஆகவே போகும்போது நிலக்கரியும் வரும்போது மரமும் ஏற்றிக் கப்பல்கள் உழைத்தன. மரத்தை அளக்க அவர்கள் கைக்கொண்ட அளவைக்குப் பீற்றர்ஸ்பேர்க் ஸ்ராண்டட் என்று பெயர். அஃது 165 கன அடி கொண்டது.

மாரியில் இத்துறைமுகங்கள் பல உறைந்துபோம். பனிக்கட்டி உருகி வழி திறந்ததும், குளிர்காலம் முழுவதும் வெட்டி அடுக்கிய மரம் கரையிலே மலையாய்க் காத்திருக்கும். அதை ஏற்றக் கப்பல்களும் ஒரே வேளையில் ஓடிவரும். வந்தபின் வெறுங்கப்பலாய்த் திரும்ப எவரால் இயலும்? விற்காத அரிசி நாளைக்கும் அரிசியாகவே இருக்கும். விற்காத கப்பல்நாளோ மாலையோடு மறைந்துவிடும். மாலுமிக்குச் சம்பளமும் அடுப்புக்குக் கரியும் நிற்கின்ற நாளிலும் வேண்டும். எனவே ஒருவர் நாற்பது கேட்டால் மற்றவர் முப்பத்தைந்துக்கு இசைவர். மூன்றாமவர் முப்பதுக்கு இறங்குவர். மரவியாபாரி கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாலே போதும்.

இக்கப்பல்களின் உடைமையாளரெல்லாம் பெருஞ்செல்வர் என்று எண்ணிவிடலாகாது. டென்மார்க்கின் ஏரோ தீவிலுள்ள மார்ஸ்டல் போன்ற சிற்றூர்களிலும் நோர்வேக் கரையூர்களிலும் ஒரு கப்பலைப் பல பங்குகளாகப் பிரித்து ஊரவரே வைத்திருக்கும் வழக்கம் இருந்தது. கப்பற்றலைவனுக்கு ஒரு பங்கு, பாய் தைப்பவனுக்கு ஒரு பங்கு, கணவனைக் கடலிற் பறிகொடுத்த கைம்பெண்ணுக்கு ஒரு பங்கு என்றிருக்கும். கூலி வீழ்ந்தால் ஊரின் சேமிப்பே வீழ்ந்தது என்பதாகும். வல்வெட்டித்துறையிலும் ஊர்காவற்றுறையிலும் பாய்க்கப்பல்கள் இருந்த காலத்தை அறிந்த முதியோர்க்கு இது விளங்கும்.

1899 முதல் 1902 வரை நடந்த போயர் யுத்தத்தின்போது படைகளையும் பண்டங்களையும் ஏற்றக் கப்பல்கள் பெருந்தொகையாய் வேண்டப்பட்டன. கூலி உயர்ந்தது. உயர்ந்த கூலியைக் கண்டு எல்லோரும் புதுக்கப்பல் கட்டினர். யுத்தம் முடிந்ததும் கப்பல் மிகுந்து சரக்குக் குறைந்தது. அந்த நெருக்கடியிலேதான், 1905ஆம் ஆண்டில், பல நாட்டுக் கப்பலுடைமையாளர் கோப்பன்ஹேகன் நகரிற் கூடி ஒரு சங்கம் அமைத்தனர். பால்டிக் வெண்கடல் மாநாடு என்பது அதன் பெயர். மர ஏற்றுமதிக்கு இதற்குக் கீழே எவரும் இறங்குவதில்லை என்று ஒரு குறைந்தபட்சக் கூலியை வரையறுப்பதே அதன் முதல் நோக்கமாயிருந்தது.

இது நீதியா என்று வகுப்பிலே கேட்டால் மாணவர் இரு பிரிவாய்ப் பிரிந்துவிடுவர். விற்பவரெல்லாம் கூடி விலை குறித்தால் வாங்குபவர் கதி என்ன? கூலி கூடியபொழுது இங்கிலாந்திலே வீடு கட்டியவன் பலகைக்கு அதிக விலை கொடுத்திருப்பான். ஆனால் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 1906இல் வ. உ. சிதம்பரம்பிள்ளை அவர்கள் தூத்துக்குடியிலே சுதேசிக் கப்பற் கம்பனியை நிறுவிக் கொழும்புக்குக் கப்பல் விட்டபொழுது, எதிர்த்து நின்ற ஆங்கிலேயக் கம்பனி கட்டணத்தைக் குறைத்துக் குறைத்து அவரை வீழ்த்த முயன்றமை நம்மவர் அறிந்த கதை. சில ஆண்டுகளில் சுதேசிக் கம்பனி கலைந்தது. பணம் படைத்தவன் நட்டத்தைத் தாங்குவான், இல்லாதவன் தாங்கமாட்டான். கீழெல்லையில்லாத போட்டி எளியவனுக்கே முதலில் எமனாகின்றது. வடகடற் சங்கத்தாரின் செயலை நாம் முற்றாகப் புகழவில்லை. ஆனால் அவர்களுடைய அச்சம் பொய்யான அச்சமன்று.

இன்னொரு வகைக் கூட்டையும் இங்கே பிரித்துக் காட்டுதல் நன்று. குறித்த நாளிற் குறித்த வழியே ஓடும் கப்பற் கம்பனிகள் தமக்குள் கட்டணம் பேசிக்கொண்ட குழுக்கள் வேறு. கல்கத்தாவுக்கும் இங்கிலாந்துக்குமிடையே 1875இல் அமைந்தது அவற்றுள் முதன்மையானது. தம் கப்பல்களிலேயே தொடர்ந்து சரக்கேற்றிய வணிகருக்குப் பின்னர் ஒரு தொகையைத் திருப்பிக் கொடுத்து, வேறு கப்பலை நாடாதவாறு கட்டிவைத்தனர். தேயிலை அனுப்பும் நாடுகள் நெடுங்காலம் இதனை எதிர்த்து முறையிட்டன. அத்தகைய குழுக்களுக்கு ஐரோப்பாவில் அளித்திருந்த சட்ட விலக்கு 2008ஆம் ஆண்டு ஒக்டோபரில் நீக்கப்பட்டது.

மரக்கப்பல் மாநாட்டின் விலைவரம்பும் நிலைக்கவில்லை. முதல் உலக யுத்தம் வந்தது. 1917இல் ருஷ்யாவில் ஆட்சி மாறிற்று. அந்நாட்டு மர ஏற்றுமதி அரசின் ஏகபோகமாயிற்று. சங்கமோ அழியாமல் வளர்ந்தது. 1927இல் தன் பெயரிலே 'வெண்கடலை' விட்டு 'சர்வதேச' என்ற சொல்லைச் சேர்த்துக்கொண்டது. இன்று பிம்கோ என்னும் சுருக்கப் பெயரால் உலகெங்கும் அறியப்படுவது இதுவே. இப்பொழுதும் அதன் தலைமையகம் கோப்பன்ஹேகனை அடுத்தே உள்ளது. உலகக் கப்பற் கொள்ளளவிற் பாதிக்கு மேல் அதன் உறுப்பினர் கையிலிருக்கின்றது. விலையைப் பற்றிப் பேச இன்று அதற்குச் சட்டம் இடந்தராது. அப்படியானால் அது என்ன செய்கின்றது? தாள் எழுதுகின்றது. இனி அத்தாளைப் பார்ப்போம்.

கிழித்த தாள்

கப்பலை வாடகைக்கு அமர்த்தும் ஒப்பந்தத்துக்குச் சாட்டர்பாட்டி என்று பெயர். தேநீர் விருந்து போன்ற ஏதோவொரு பாட்டி என்று நினைத்துவிட வேண்டாம். இலத்தீன் மொழியிலே கிழித்த தாள் எனப் பொருள்படும் தொடரிலிருந்து அது வந்தது. ஒரே தாளில் இருமுறை எழுதி, நடுவே கிழித்து, ஆளுக்கொரு பாதியாக வைத்துக்கொள்வர். பின்னர் வழக்கு எழுந்தால் இரு பாதியும் பொருந்துகின்றனவா என்று பார்ப்பர். நம் பாய்க்கப்பற்காரருள் கப்பலும் சரக்கும் ஒருவருக்கே உரியனவாய் இருந்த இடங்களில் இத்தகைய தாளுக்குத் தேவையே எழவில்லை. கப்பல் ஒருவரதும் சரக்கு வேறொருவரதும் ஆகி, இருவரும் ஒருவரையொருவர் முகம் பாராமலே வியாபாரம் செய்யத் தொடங்கிய பின்பே தாள் பெரிதாயிற்று.

பெரிதாகியதுடன் குழப்பமும் பெருகிற்று. மரத்துக்கு ஒரு தாள், கரிக்கு ஒரு தாள், தானியத்துக்கு ஒரு தாள். அவற்றிலும் அந்தந்த வியாபாரி தனக்கு வாய்ப்பான வரிகளை இடையே செருகி வைப்பான். ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்த நோர்வே நாட்டு உடைமையாளன் கையொப்பம் வைத்துவிட்டுப் பிறகு அழுவான். இந்நிலையிலே சங்கம் பொதுவான ஒப்பந்த வாசகங்களை ஆக்கி வெளியிடத் தலைப்பட்டது. 1922இல் வெளிவந்த ஜென்கொன் என்னும் தாள் அவற்றுட் புகழ் பெற்றது. 1976, 1994, 2022 ஆகிய ஆண்டுகளில் அது திருத்தப்பட்டது. முற்பகுதியிலே கட்டங்கள், கப்பலின் பெயர், சரக்கு, துறைமுகம், கூலி, நாட்கணக்கு இவற்றை நிரப்ப வேண்டும். பிற்பகுதியிலே யாவர்க்கும் பொதுவான சரத்துக்கள். இதனைப் பயன்படுத்தும்படி எவரையும் சட்டம் வற்புறுத்துவதில்லை. பழகிய தாள் என்பதனாலேயே தரகர் அதனை விரும்புகின்றனர். ஒரு வரிக்கு நீதிமன்றங்கள் முன்பு என்ன பொருள் கொண்டன என்பது தெரிந்திருப்பதால் வழக்கும் குறைகின்றது.

இப்பொழுது நம் மாணவனின் சிவப்புக் கப்பலுக்கு வருவோம். அது சொந்தப் பெட்டகங்களை ஏற்றிக் குறித்த வழியில் ஓடும் கப்பலானால், நிற்கும் நட்டம் அதனை நடத்தும் கம்பனியைச் சாரும். நாள் வாடகைக்கு எடுத்த கப்பலானால், எடுத்தவர் நின்றாலும் ஓடினாலும் வாடகை கொடுத்தே தீரவேண்டும். ஒரு பயணத்துக்கு மட்டும் அமர்த்திய கப்பலாயின் விடை சுவையானது. சரக்கை ஏற்றவும் இறக்கவும் இத்தனை நாள் என்று தாளிலே குறித்திருப்பர். அதற்கு மேற்போகும் ஒவ்வொரு நாளுக்கும் சரக்குக்குரியவர் கொடுக்கும் தண்டத்தையே நம் துறைமுகத்தார் டெமறேஜ் என்கின்றனர். நாளொன்றுக்கு 15,000 டொலர் எனவும், பத்து நாளில் இறக்க வேண்டியதைப் பதினான்கு நாளில் இறக்கினர் எனவும் கொள்வோம். 60,000 டொலர் தண்டம். விரைவாக இறக்கினால் அதிற் பாதி வீதத்தைப் பரிசாகக் கொடுக்கும் ஒப்பந்தங்களும் உண்டு. திருகோணமலைக்குக் கோதுமை கொண்டுவரும் கப்பல் மழையிலே நின்றால், அதன் கணக்கு எங்கோ ஓரிடத்தில் நம் பாண் விலையோடு கலக்கின்றது.

நாளை எந்த மணியிலிருந்து எண்ணுவது? கப்பற்றலைவன் தான் ஆயத்தம் என்று அறிவித்தல் கொடுக்க வேண்டும். ஜென்கொன் தாளின்படி, நண்பகலுக்குள் கொடுத்தால் அன்று பிற்பகல் ஒரு மணிக்கு எண்ணிக்கை தொடங்கும். நண்பகலுக்குப் பின் கொடுத்தால் மறு வேலைநாட் காலை ஆறு மணிக்கே தொடங்கும். கால்மணி நேரப் பிந்தலால் ஏறக்குறைய ஒரு நாட்பணம் கைமாறுகின்றது. துறையில் இடமில்லாமல் வெளியே நிற்பினும் அறிவித்தல் கொடுக்கலாம். பொதுவாக விடுமுறை நாளும், மழையால் வேலை நின்ற நேரமும் கழிக்கப்படும். ஆனால் குறித்த நாட்கள் ஒருமுறை தீர்ந்து தண்டம் தொடங்கிவிட்டாலோ, பின்னர் வரும் ஞாயிறும் மழையும் கழிக்கப்படமாட்டா. படிப்பு விடுமுறையில் கிடந்து தேர்வு முன்னாளில் விழிக்கும் மாணவர்க்கு இச்சட்டம் நன்கு விளங்கும் என்று நம்புகின்றோம்.

விடுமுறை என்றவுடன் ஒன்று நினைவுக்கு வருகின்றது. உலகத்துத் துறைமுகங்கள் எந்தெந்த நாளில் மூடப்படும் என்று நாட்காட்டி தொகுத்து வெளியிடுவதும் இச்சங்கத்தின் பணிகளுள் ஒன்று. அற்பமான காரியம் போலத் தோன்றும். நம் நாட்டிலே 1966 முதல் 1971 வரை ஞாயிறு விடுமுறை எடுபட்டுப் போயா நாளே வார விடுமுறையாயிருந்தமையை முதியோர் மறந்திருக்கமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமையும் வேலைநாள், ஒருவாரம் ஏழு நாள், மற்றொருவாரம் எட்டு நாள். இலண்டனிலிருந்து இலங்கைக்குக் கப்பல் அமர்த்தியவன் நாட்கணக்குப் பார்க்க எவ்வளவு திண்டாடியிருப்பான்!

இத்தாளில் ஒரு கறையும் உண்டு. அதனை மறைத்தல் நேர்மையன்று. எழுதியவர்கள் கப்பலுடைமையாளர்கள் அல்லரோ? மாலுமிகளின் கவனக்குறைவால் சரக்குக் கெட்டாலும் உடைமையாளர் பெரும்பாலும் தப்பிக்கொள்ளத்தக்கவாறே 1922ஆம் ஆண்டுத் தாளின் பொறுப்புச் சரத்து அமைந்திருந்தது. வினைத்தாளை மாணவனே எழுதித் தானே திருத்துவது போன்றது இது. அறிந்த வணிகர் அவ்வரியை வெட்டிவிட்டுக் கையொப்பமிட்டனர், அறியாதவர் அகப்பட்டனர். 2022ஆம் ஆண்டுத் திருத்தத்திலேதான் சர்வதேச விதிகளையொட்டி அப்பொறுப்பு நேர்செய்யப்பட்டது. சரியாக நூறு ஆண்டு.

வரைபடத்தில் ஒரு கோடு

தாள் எழுதும் சங்கத்துக்கும் மனித உயிருக்கும் என்ன தொடர்பு என்று சிலர் எண்ணலாம். சோமாலியக் கடற்கொள்ளை பெருகிய காலத்தை நினைவு கூர்வோம். கொள்ளையர் படகு நெருங்கினால் என்ன செய்வது, எவ்வளவு விரைவில் ஓடுவது, கரையிலிருந்து எவ்வளவு விலகிச் செல்வது, முட்கம்பியை எங்கே கட்டுவது என்பவற்றையெல்லாம் பிம்கோவும் பிற கப்பற் சங்கங்களும் கூடிக் கைந்நூலாக வெளியிட்டன. அத்துடன் வரைபடத்திலே பேராபத்துப் பிரதேசம் என ஓர் எல்லையும் வகுத்தன.

அவ்வெல்லையின் கிழக்குக் கோடு 2010 முதல் 78ஆம் பாகையிலே இருந்தது. தேசப்படத்தை எடுத்துப் பாருங்கள்: அக்கோடு ஏறத்தாழத் தூத்துக்குடியைத் தொடுகின்றது! கோட்டுக்குள் நுழைந்தால் காப்புறுதிக் கட்டணம் ஏறும். மாலுமிக்கு மேலதிகச் சம்பளம் வேண்டும். ஆயுதக் காவலர் ஏறுவர். ஆயுதத்தோடு அச்சமும் ஏறும். 2012 பெப்ரவரி 15ஆந் தேதி கேரளக் கரைக்கப்பால் இத்தாலிய எண்ணெய்க் கப்பலொன்றிற் காவலுக்கு நின்ற கடற்படையினர், மீன்பிடி வள்ளத்தைக் கொள்ளையர் படகென்று கருதிச் சுட்டதில் இரு மீனவர் மாண்டனர். தம் கரையோரத்தைப் பேராபத்துப் பிரதேசம் எனக் குறித்தமையை இந்தியா தொடர்ந்து ஆட்சேபித்தது. 2015 டிசம்பரில் கோடு 65ஆம் பாகைக்குப் பின்வாங்கியது. 2023 ஜனவரி முதலாந் தேதியுடன் அந்த எல்லையே முற்றாக நீக்கப்பட்டது. சங்கத்தார் மேசையில் இடும் கோடு எத்தனை ஆயிரம் பேரின் வாழ்வைத் தொடுகின்றது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

காவலரை அமர்த்தவும் ஒரு தாள் வேண்டுமன்றோ? 2012இல் பிம்கோ கார்ட்கொன் என்னும் ஒப்பந்தத்தை ஆக்கிற்று. காவலர் பொதுவாக நால்வருக்குக் குறையலாகாது. கப்பலின் தலைமை எப்பொழுதும் கப்பற்றலைவனுடையதே. ஆயினும் தன்னுயிரைக் காக்கும் உரிமை ஒவ்வொரு காவலனுக்கும் உண்டு என்பன அதன் சாரம். நம் காலித் துறைமுகம் அக்காலத்தில் இக்காவலர் ஏறி இறங்கும் நிலையமாக விளங்கிற்று. படையிலிருந்து விலகிய இலங்கையர் பலர் இத்தொழிலிற் புகுந்தனர்.

கைந்நூல் இருந்தும் அதன்படி நடவாதபோது நேர்வதையும் நாம் கண்டோம். 2017 மார்ச் 13ஆந் தேதி, ஜிபுட்டியிலிருந்து மொகதிசுவுக்கு எரிபொருள் ஏற்றிச் சென்ற ஏரிஸ் 13 என்னும் சிறுகப்பலைச் சோமாலியர் கைப்பற்றினர். ஐந்தாண்டுகளின் பின் வணிகக் கப்பலொன்று அவ்வாறு அகப்பட்டது அதுவே முதன்முறை. அதிலிருந்த எண்மரும் இலங்கையர். மெல்லச் செல்லும் அக்கப்பல் வழி குறுக்கக் கரையையொட்டிச் சென்றதாகவே சொல்லப்பட்டது. மூன்று நாளில் அவர்கள் விடுதலையானமை அவர்தம் மனைவி மக்கள் செய்த புண்ணியம்.

2023 நவம்பர் முதல் செங்கடலில் யெமன் நாட்டு ஹூத்திகள் கப்பல்களைத் தாக்கத் தொடங்கியதும் யுத்த ஆபத்துச் சரத்துக்கள் மீண்டும் எல்லோர் வாயிலும் அடிபட்டன. வாடகைக்கு எடுத்தவர் செங்கடல் வழியே போகச் சொல்கின்றார். கப்பற்றலைவனோ ஆபத்து என்கின்றான். யார் சொல் எடுபடும்? நியாயமான தீர்ப்பின்படி ஆபத்து உண்டெனக் கப்பற்றலைவனோ உடைமையாளரோ கருதினால் போக மறுக்கலாம் என்பதே பிம்கோவின் சரத்து. 1993இல் இயற்றிய இச்சரத்துக்கள் 2004, 2013, 2025 ஆகிய ஆண்டுகளிற் புதுக்கப்பட்டன. ஒரு வரியின் பலம் எத்தகையது பாருங்கள்: அவ்வரி இல்லையேல் மறுத்த உடைமையாளர் நட்ட ஈடு கொடுக்க நேரும், நட்ட ஈட்டுக்கு அஞ்சினால் மாலுமிகள் ஏவுகணைக்கு முன்னே போவர். 2024 மார்ச் 6ஆந் தேதி ஏடன் வளைகுடாவில் ட்ரூ கொன்பிடன்ஸ் என்னும் கப்பல் தாக்கப்பட்டு மூன்று மாலுமிகள் இறந்தனர். இருவர் பிலிப்பைன்ஸ் நாட்டவர், ஒருவர் வியட்நாமியர். அக்கப்பலின் ஆயுதக் காவலர் மூவருள் இருவர் இலங்கையர் என்பதைப் பத்திரிகையில் வாசித்தபொழுது, செங்கடல் அத்துணைத் தூரத்தில் இல்லை என்று நாம் உணர்ந்தோம். கப்பல்கள் பல ஆபிரிக்காவைச் சுற்றிச் செல்லத் தொடங்கவே, அவ்வாண்டில் கொழும்பிலும் பெட்டகங்கள் குவிந்தன.

வீடு திரும்பாத மாலுமிகள்

2020இல் பெருந்தொற்று வந்து துறைமுகங்கள் மூடப்பட்டபோது, தவணை முடிந்தும் இறங்க வழியின்றி ஏறக்குறைய நான்கு இலட்சம் மாலுமிகள் கடலிலே தேங்கினர். மாலுமியை மாற்றவென்று கப்பல் வழிவிலகினால் அந்நாட்களின் வாடகை யாருடையது என்ற வழக்கும் தடையாய் நின்றது. மாலுமி மாற்றத்துக்கு இடங்கொடுத்து, வாடகையைப் பகிர்ந்துகொள்ள வழிசெய்யும் ஒரு சரத்தைச் சங்கம் அவ்வாண்டே வெளியிட்டது. எல்லா வாடகைக்காரரும் ஏற்றனரா என்றால் இல்லை. மாலுமி மாற்றமே கூடாது என்று எழுதிக் கேட்டவர்களும் இருந்தனர். சரத்து எழுதலாம், மனத்தை எழுத முடியாது. உலக வணிகக் கப்பல்களில் 18 இலட்சத்து 90 ஆயிரம் மாலுமிகள் உளர் என 2021இல் இச்சங்கமும் சர்வதேசக் கப்பல் மண்டபமும் சேர்ந்து கணக்கிட்டன. அவர்கள் இச்சங்கத்தின் உறுப்பினர் அல்லர் என்பதையும் மறக்கலாகாது. அவர்களுக்கு வேறு சங்கங்கள் உள. இது முதலாளிமாரின் சங்கம்.

இந்த உண்மை நமக்கு உறைத்த வேளை ஒன்றுண்டு. 2021 மே மாதத்தில் எக்ஸ்பிரஸ் பேர்ள் என்னும் கப்பல் கொழும்புக்கு வெளியே தீப்பற்றி, ஜூன் 2ஆந் தேதி மூழ்கத் தொடங்கிற்று. நைத்திரிக்கமிலம் கசிந்த பெட்டகத்தை இறக்கக் கத்தார் நாட்டு ஹமாத் துறைமுகமும் இந்தியாவின் ஹசீராவும் இடந்தரவில்லை என்று அறிவிக்கப்பட்டது. இடுக்கணுற்ற கப்பலுக்குப் புகலிடம் கொடுக்கவேண்டும் என்று கப்பற் சங்கங்கள் பலகாலும் வேண்டிவந்தது நியாயமே என்பதை அன்று கண்டோம். ஆனால் கடலோரமெங்கும் பிளாத்திக்கு மணிகள் ஒதுங்கி, ஆமைகள் செத்துக் கிடந்து, நீர்கொழும்பு மீனவர் வலையை உலர்த்திவிட்டுக் குந்தியிருந்த பின்பு வந்தது நட்ட ஈட்டுக் கேள்வி. இலண்டன் நீதிமன்றம் உடைமையாளரின் பொறுப்பை ஏறத்தாழ 1 கோடியே 90 இலட்சம் பவுணுக்குள் வரையறுத்தது. பொறுப்பை இவ்வாறு மட்டுப்படுத்தும் உரிமை உடைமையாளர் சங்கங்கள் நெடுங்காலமாய்ப் போற்றிக் காத்துவருவது; அஃதின்றேல் கப்பலுக்குக் காப்புறுதி கிடையாது என்பது அவர்தம் வாதம். 2025 ஜூலையில் நம் உயர் நீதிமன்றமோ நூறு கோடி டொலர் கொடுக்குமாறு கட்டளையிட்டது. இரு தொகைக்குமிடையே உள்ள கடல் பெரிது. அக்கடலின் மறுகரையிலே அச்சங்கங்கள் நிற்கின்றன. இக்கரையிலே நாம் நிற்கின்றோம்.

ஆசியாவிலும் இத்தகைய அமைப்பொன்று 1992இல் ஆசியக் கப்பலுடைமையாளர் மன்றமாகத் தோன்றி, பின்னர் சங்கம் என்று பெயர் மாறிச் சிங்கப்பூரிலிருந்து இயங்குகின்றது. ஜப்பான், சீனா, கொரியா, இந்தியா முதலிய நாடுகளின் கப்பற் சங்கங்கள் அதிற் சேர்ந்துள்ளன. அதைப் பற்றி எழுத வேறொரு ஞாயிறு வேண்டும்.

இவ்வளவையும் வகுப்பிலே சொல்லி முடித்தபொழுது, காலிமுகத்திடலில் வினா எழுப்பிய அந்த மாணவன் தன் கொப்பியைப் புரட்டினான். சிவப்புக் கப்பல் நின்ற நாட்களை அவன் அதிலே குறித்து வைத்திருந்தான். நாள் 15,000 டொலர் என்று நாம் சொன்ன உதாரணத்தை வைத்துப் பெருக்கிப் பார்த்துவிட்டுச் சற்று நேரம் பேசாதிருந்தான்.

"எத்தனை நாளப்பா?" என்று கேட்டோம்.

"அதுதான் சேர், சொல்லத் தெரியவில்லை," என்றான். "அது பன்னிரண்டு மணிக்கு முந்தி வந்ததோ, பிந்தி வந்ததோ, நான் பார்க்கவில்லை."